சைலன்சரில் வந்த வெள்ளைப் புகை

4-9-61, திங்கள்

இன்று என்னால் முப்பது பெண்கள் காட்டுக்குள் ஓடினார்கள்.

காலை ஏழரைக்கு முதலாளியின் பிளசர் காரைக் கம்பெனி வேலிக்கு வெளியே உடைமரத்தடியில் நிறுத்தினேன். இஞ்சினை அணைக்கவில்லை. செல்ப் ஸ்டார்ட்டர் படுத்து மூன்று மாதம் ஆகிறது. அணைத்தால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும், தோள்பட்டை கழன்றுவிடும். சும்மா நின்று ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சைலன்சரிலிருந்து வெள்ளையாய்ப் புகை கிளம்பி, மேல்காற்றில் வேலி தாண்டி, பெண்கள் வேலை பார்க்கிற செட்டுப் பக்கம் போய்விட்டது. வெடிக் கம்பெனியில் புகையைப் பார்த்தால் கேள்வியே கிடையாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஓடினார்கள்.

போர்மேன் பத்திரகாளி அண்ணாச்சி வாய்க்கு வந்தபடி திட்டினார். ஓடினவர்களில் முதல் ஆள் எங்கள் சோலையம்மாள் மதினிதான். அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிற பெரியப்பா மகன் செல்லச்சாமி அண்ணனின் சம்சாரம். மூச்சு வாங்க வந்து நின்று, "ஏன் கொழுந்தனாரே, ஒம்ம வண்டி சுருட்டு குடிக்கப் பழகிருச்சா?" என்றாள். திட்டு வாங்கின கடுப்பிலும் சிரித்துவிட்டேன்.

6-9-61, புதன்

பனி நாளில் விடியற்காலம் கிளப்பினால் எந்த வண்டியும் கொஞ்ச நேரம் வெள்ளையாய் ஊதும். சூடேறினதும் நின்றுவிடும். இதுவோ ஆவணி வெயில். சாத்தூர் வரை போய்த் திரும்பி, பானெட்டைத் தொட முடியாத சூட்டிலும் ஊதுகிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைக்கு என்ன? பத்திரகாளி அண்ணாச்சி கேட்டபோது தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

9-9-61, சனி

ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. தினம் ஒரு செம்பு. வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. பின்னே எங்கேதான் போகிறது?

15-9-61, வெள்ளி

முதலாளியை விருதுநகர் வத்தல் பேட்டையில் இறக்கிவிட்டு, மெக்கானிக் லட்சுமிகாந்தத்திடம் ஓட்டிப் போனேன். மனுசன் பானெட்டைத் திறக்கவே இல்லை. பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, சைலன்சர் வாய்க்கு நேராக உள்ளங்கையைக் காட்டினார். அதை அப்படியே என்னிடம் நீட்டினார். ஈரம். மோந்து பார்க்கச் சொன்னார். ஆயில் வாடை இல்லை, வெறும் தண்ணீர். அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து இஞ்சினை ஓடவிட்டார். உலை கொதிக்கிற மாதிரி கொப்புளம் கொப்புளமாய் வந்தது. கடைசியில் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். ஒன்றும் நாலும் காப்பிப்பொடி நிறம். நடுவில் இருந்த இரண்டும் சாம்பல் போட்டுத் துலக்கினது போல் இருந்தன.

"ஹெட் பேக்கிங் போச்சுப்பா. தண்ணி உள்ள எறங்கி ஆவியா வெளிய வருது. நீ என்ன தண்ணி ஊத்துறே?"

"எங்க ஊர்க் கெணத்துத் தண்ணிதான்."

"அத நாக்குல வச்சுப் பாத்திருக்கியா?"

பார்க்காமல் என்ன. உப்பு. நல்ல தண்ணிக்கு எங்கள் பெண்கள் ஒன்றரை மைல் குடத்தோடு நடக்கிறார்கள். அதைக் காருக்கு ஊற்றுவேன் என்றால் விளக்குமாற்றால் அடிப்பார்கள். ஊரில் வண்டி வைத்திருக்கிற எவனும் உப்புத் தண்ணிதான் ஊற்றுகிறான். அதுதான் பேக்கிங்கைத் தின்றிருக்கிறது. இஞ்சினுக்கு மேல்மூடியான ஹெட்டைக் கழற்றவேண்டும், அதற்கு அடியில் வைக்கிற பேக்கிங் தகடு மதுரையிலிருந்து வரவேண்டும், ஐந்து நாளாவது வண்டி நிற்கும். அதுவரைக்கும் நல்ல தண்ணியாக ஊற்று என்றார்.

16-9-61

முதலாளி: "தீபாவளி லோடு போகட்டும்டா. வண்டி ஓடுதில்ல?" ஓடுகிறது. நானும் அதற்கு மேல் பேசவில்லை.

20-9-61, புதன்

நேற்று வெட்கத்தை விட்டு மதினியிடம் தண்ணீர் கேட்டேன். "மனுசருக்கே தலைக்கு ஊத்தத் தண்ணி இல்ல, ஒம்ம பிளசருக்கு நல்ல தண்ணியாக்கும்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்று காலை உடைமரத்தடியில் ஒரு குடம் நல்ல தண்ணீர். டின்னில் ஊற்றி வைத்துக்கொண்டேன்.

"தினம் கொண்டாறேன். ஆனா எனக்கு ஒருக்கா வண்டியில விருதுநகரு காட்டணும், ஆமா" என்றாள்.

"முன் சீட்டுலயே கூட்டிட்டுப் போறேன் மதினி."

"முன் சீட்டுல ஒங்க அண்ணன் இருக்கட்டும். நான் பின்னால சாஞ்சிக்கிட்டு மொதலாளியம்மா மாதிரி வாரேன்."

28-9-61, வியாழன்

இப்போதெல்லாம் என் வண்டிப் புகையைப் பார்த்து யாரும் ஓடுவதில்லை. "ஊர்க்காவலன் வண்டிதான்" என்று என் பேரை ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள். பத்திரகாளி அண்ணாச்சி வாயும் அடங்கிவிட்டது. எனக்கு நிம்மதி.

5-10-61

சீசன். மூச்சு விட நேரமில்லை. புகை கூடியிருக்கிறது. குடமும் தவறாமல் வருகிறது.

11-10-61, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

திங்கள்கிழமை ராத்திரி தூறல் விழுந்தது. நாலாம் செட்டுக்குப் பின்னால் வைத்திருந்த பூச்சட்டி மருந்தில் ஈரம் இறங்கியிருக்கிறது. ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடாகும், முதலில் வெள்ளையாய்ப் புகையும், அப்புறம்தான் பிடிக்கும். நேற்று பத்து மணிக்குப் பிடித்தது. நான் மரத்தடியில் பானெட்டைத் திறந்துபோட்டுப் பிளக் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் நாலாம் செட்டுக் கூரை இல்லை.

உள்ளே வேலை பார்த்த நாலு பேரில் மூணு பேர் வெளியே நின்றார்கள். மதினி நிற்கவில்லை. லோடு ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் ஓடிப் போய்த் தூக்கிவந்தார். பின் சீட்டில் வாழை இலை விரித்துக் கிடத்தினோம். ஹேண்டில சுத்துறேன், சுத்துறேன், கெளம்ப மாட்டேங்குது. அப்புறம் கெளம்புச்சு. விருதுநகரு பெரியாஸ்பத்திரிக்கு விட்டேன்.

சாத்தூர் தாண்டினதும் கொதிக்க ஆரம்பித்தது. சூலக்கரை கிட்ட நின்னே போச்சு. விருதுநகரு கண்ணுக்குத் தெரியுது — வண்டி நகர மாட்டேங்குது. மூடியைத் திறக்க முடியாம ஆவி அடிக்குது. ஆறுற வரைக்கும் கால் மணி நேரம் ரோட்டுல நின்னேன். டின்னுல இருந்த தண்ணிய ஊத்துனேன். மதினி செமந்துட்டு வந்த தண்ணி. பின் சீட்டில் அண்ணன், "வந்துட்டோம் தாயி, இந்தா விருதுநகரு வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

13-10-61, வெள்ளி

விடியற்காலம் ஆஸ்பத்திரியில் மதினி போய்விட்டாள். விருதுநகர் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

17-10-61, செவ்வாய்

அண்ணன் வருகிற போகிற ஆளிடமெல்லாம் ஒன்றையேதான் கேட்கிறார். "பொகையக் கண்டா மொத ஆளா ஓடுறவ அவ. அன்னைக்கி ஏன் ஓடல?" துட்டி கேட்க வந்தவர்கள் விதி என்கிறார்கள், நேரம் என்கிறார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் கேட்கிறார்.

சாயங்காலம் முருகம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மதினியோடு நாலாம் செட்டில் இருந்தவள். முழங்கை வரை கட்டுப் போட்டிருக்கிறாள்.

"ஒங்ககிட்ட மட்டும் சொல்றேண்ணே. நான் பொகை வருதுன்னு சொன்னேன். அவுக திரும்பிக்கூடப் பாக்கல. 'நம்ம கொழுந்தன் வண்டிதான், வேலையப் பாரு'ன்னாக. எங்க மூணு பேருக்கும் மனசு கேக்கல, எட்டிப் பாப்பமேன்னு வெளிய வந்தோம். அவுக உக்காந்தே இருந்தாக."

அன்றைக்கு என் இஞ்சின் ஓடவே இல்லை. நான் பிளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் தினமும் ஊதி ஊதி அவர்களுக்குப் பழக்கிவிட்டு, அன்றைக்கு மட்டும் என் வண்டியில் புகை இல்லை. 'நிம்மதி' என்று எழுதியிருக்கிறேனே, இந்தக் கையால்தானே எழுதினேன்? அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

19-10-61

அண்ணன் வீட்டு வாசல் வரை போனேன். இன்னும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். தைரியம் இல்லாத பயல் நான்.

22-10-61, ஞாயிறு

சொல்லிவிட்டேன். முருகம்மாள் சொன்னது, நான் முதலாளியிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது, ஹேண்டில் சுற்றச் சோம்பல்பட்டு இஞ்சினை ஓடவிட்டது, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அண்ணன் கையில் இருந்த துண்டை மடித்தார், பிரித்தார்.

"அவளுக்கு ஒம்மேல அம்புட்டு நம்பிக்கைலே" என்றார். பிறகு, "வண்டிய ரிப்பேர் பாத்தாச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

27-10-61, வெள்ளி

முதலாளியிடம் கேட்கவில்லை. ஓட்டிக்கொண்டு போய் லட்சுமிகாந்தம் பட்டறையில் விட்டுவிட்டு, இனி சரியானால்தான் எடுப்பேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். முதலாளி வாடகைக் கார் பிடித்துக்கொண்டார். ஹெட்டைத் தூக்கினபோது பக்கத்தில் நின்றேன். இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாம் சிலிண்டருக்கும் நடுவில் பேக்கிங் கறுத்து, அரிசி அகலத்துக்கு ஒரு ஓட்டை. இவ்வளவுதானா? இவ்வளவுதான்.

7-11-61, செவ்வாய்

தீபாவளி. எங்கள் தெருவில் யாரும் வெடி போடவில்லை.

20-11-61

அண்ணன் மறுபடி லோடு ஏற்ற வருகிறார். என்னோடு பேச்சு இல்லை. வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தினதும் அணைத்துவிடுகிறேன். தோள் வலிக்கிறது. வலிக்கட்டும்.

19-12-61, செவ்வாய்

மார்கழிப் பனி. இன்று முதலாளி அவசரம் என்று ஆறரைக்கே வரச் சொல்லிவிட்டார். அவரை ஏற்றிப் போகலாம் என்று வேலியோரம் வண்டியைக் கிளப்பினால், குளிருக்கு வெள்ளையாய்ப் புகை வந்தது. உள்ளே முருகம்மாள் ஒரு சத்தம் போட்டாள். அம்புட்டுப் பேரும் ஓடினார்கள். பத்திரகாளி அண்ணாச்சியும் ஓடினார். காட்டுக்குள் தள்ளி நின்று பார்த்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, திட்டவில்லை.

செல்லச்சாமி அண்ணன் மட்டும் ஓடவில்லை. நேராக வண்டிக்குப் பின்னால் வந்து குத்தவைத்து, சைலன்சர் வாய்க்கு நேராக உள்ளங்கையைக் காட்டினார். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. கையைப் பார்ப்பார், வேட்டியில் துடைப்பார், மறுபடி காட்டுவார். இஞ்சின் சூடேறப் புகை மெலிந்து, நின்றேவிட்டது.

"காஞ்சிருச்சுலே" என்றார். இரண்டு மாதத்தில் என்னிடம் பேசின முதல் பேச்சு. பெண்கள் பக்கம் திரும்பி, "வெறும் பனிதான் தாயி, வாங்க" என்று கூப்பிட்டார்.

அவர்கள் வந்து செட்டுக்குள் போனார்கள். அண்ணன் மட்டும் அங்கேயே உட்கார்ந்து, புகையே வராத சைலன்சருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தார். முதலாளி வந்து ஏறிவிட்டார், போகலாம் என்றார். நான் போகவில்லை. அண்ணனாகக் கையை எடுக்கிறவரை இஞ்சினை ஓடவிட்டேன்.