சனிக்கிழமை இழவில் என் வேடத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
வெர்னா ஹாஸ்லர்,
வேட ஊழியர், மெழுகுவர்த்திக் கொட்டகை,
பெல்ஃபோர்டு மில் பழங்காலக் கிராமம், பென்சில்வேனியா.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பெல்ஃபோர்டு மில் பழங்காலக் கிராமம்.

பொருள்: இழவுக் காட்சியின் விதவை வேடத்திலிருந்து என்னை நீக்கிய உத்தரவை ரத்து செய்ய வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகின்றன. என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குப் படிப்பு குறைவு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இங்கிலாந்து மன்னரின் கீழ் நம் ஊர் இருந்த காலத்து வாழ்க்கையை நடித்துக் காட்டுவதே இங்கு எங்கள் வேலை. சனிக்கிழமைகளில் ஜோசையா என்னும் உழவனின் இழவு. காட்சிப் பொறுப்பாளர் கர்டிஸ்தான் பெட்டிக்குள் பிணமாகப் படுத்துக்கொள்வார். அந்தக் கால வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடுவோம். மணி அடிப்போம். பெட்டி தூக்குகிறவர்களுக்குக் கையுறையும் வந்தவர்களுக்குச் சீமைச்சோம்பு போட்ட பிஸ்கட்டும் கொடுப்போம். பல வருடங்களாக நானே விதவை.

அப்போது என் கணவர் ஆரின் உயிரோடு இருந்தார். எரிவாயு லாரி ஓட்டினார். வேடத்துக்கான வெள்ளைத் துணித் தொப்பியைக் கட்டிக்கொண்டு நான் கிளம்பினால், "தலையில தலையணை உறையைக் கட்டிக்கிட்டு எங்கடி கிளம்பிட்ட? இன்னைக்கும் என்னைப் பொதைக்கவா?" என்பார்.

கடந்த பிப்ரவரியில் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இறுதிச் சடங்கு நிறுவனத்தார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலி சீக்கிரமே முடிந்தது. அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது. "ஏதாச்சும் வேணும்னா கூப்பிடு வெர்னா" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். என்ன வேண்டும் என்று சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மகள் தொலைவில் ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறாள். அப்பா பேச்சை எடுத்தால் அழுகிறாள். அதனால் மழை, வெயில் என்று பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறோம்.

ஏப்ரலில் கிராமம் திறந்தது. காட்சியில் பக்கத்து வீட்டுக்காரியாக வரும் க்வென், பெட்டியருகே என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா, அவர் எப்படிப்பட்ட மனுஷன்?" என்று கேட்க வேண்டும். அது எழுதிக் கொடுத்த வசனம். ஐயா, ஆரின் போன பிறகு என்னிடம் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

ஜோசையா கதிரறுப்பில் கெட்டிக்காரர் என்பது நான் சொல்ல வேண்டிய பதில். நான் வேறு சொல்லத் தொடங்கினேன். குளிர்காலத்தில் கட்டிலில் என் பக்கம் படுத்துச் சூடாக்கிவிட்டுத் தன் பக்கம் நகர்ந்துகொள்வார் என்றேன். சூப்பை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு என்னைத் திட்டுவார் என்றேன். அந்தக் காலத்திலும் நாக்கு சுட்டிருக்கும் அல்லவா. யாரும் தடுக்கவில்லை.

சென்ற மாதம் முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமி, "எப்படிச் செத்தாரு?" என்று கேட்டாள். காய்ச்சல் என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போயிட்டாரு கண்ணு" என்று என் வாயில் வந்துவிட்டது. சிலர் சிரித்தார்கள். பெட்டிக்குள் கர்டிஸ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு எனக்கு அழுகை நிற்கவில்லை. சிறுமியும் பயந்து அழுதாள். அவள் தாய் புகார் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை.

காலத்துக்குப் பொருந்தாத பேச்சு, பார்வையாளருக்குச் சங்கடம் என்று காரணம் காட்டி என்னைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். கர்டிஸ் நல்ல மனிதர். "மனசுல வச்சுக்காதீங்க வெர்னா. காலேஜ் பொண்ணு பெய்ஜ் வந்திருக்கா, அழகா அழுவுறா. நீங்க கொஞ்ச நாள் ஓய்வா இருங்க" என்றார். ஓய்வு என் வீடு நிறைய இருக்கிறது, ஐயா.

கொட்டகையில் மெழுகுவர்த்தி வார்க்கத் தனியாக மாட்டுக் கொழுப்பு உருக்குகிறேன். எட்டிப் பார்க்கிறவர்கள் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். சனிக்கிழமை மணி அடித்ததும் க்வென் கேட்பது இங்கே வரை கேட்கிறது. பெய்ஜ் கதிரறுப்பைப் பற்றிச் சொல்கிறாள்.

ஆகவே அந்த வேடத்தை எனக்கே திரும்ப அளிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். வசனத்தை முழுக்க மனப்பாடம் செய்துவிட்டேன். காய்ச்சல் என்றே சொல்வேன். அவர் பெயர் ஜோசையா என்றே சொல்வேன். க்வென் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

நாள்: ஜூன் 14
இடம்: பெல்ஃபோர்டு மில்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வெர்னா ஹாஸ்லர்
(ஆரின் ஹாஸ்லரின் மனைவி)