அழக் கூடாது என்ற வசனம்

என்னங்க,

நேற்று மூலை வீட்டுத் தறிக்காரர் இறந்துபோனார். பெண்கள் கூடி ஒப்பாரி வைக்கும் சத்தம் வந்ததும் என் கை தானாக ஜன்னல் கொக்கியைத் தேடிப் போனது. துருப்பிடித்த அந்தக் கொக்கியைத் தொட்டதுமே உங்கள் நினைவு வந்துவிட்டது. சாத்தாமல் அங்கேயே நின்றேன்.

நம் எஸ்தர் காய்ச்சலில் போன அன்று இந்த ஜன்னலைச் சாத்தியது நீங்கள்தான். அறுபதுகளின் கடைசி. பிள்ளைக்கு மூன்று வயது. சாயப்பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தீர்கள். கையெல்லாம் அரக்குச் சாயம். பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த என் அம்மா வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். நீங்கள் எழுந்து போய் மெல்லச் சொன்னீர்கள்.

“வேணாம் அத்தை. புள்ள கர்த்தர்கிட்ட இருக்குது. ஒப்பாரி வெச்சா நமக்கு நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்.”

“பெத்த புள்ளைக்கு அழ உடாத சாமி என்னா சாமி மாப்ள?” என்று கேட்டாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் பாடவில்லை.

உங்களைக் கல்யாணம் செய்துகொண்டபோதுதான் நான் ஞானஸ்நானம் எடுத்தேன். சபையிலும் உங்களைப் போலவே சொன்னார்கள், நம்பினேன். பிள்ளையை அடக்கம் செய்து முடிக்கும்வரை வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மாவின் கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது. மாலை ஜெபத்தில் ஆமென் சொல்லக்கூட நா எழவில்லை.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். “அழக் கூடாதுன்னு வேதத்துல எங்க போட்டிருக்குது? காட்டுங்க, நான் வாயை மூடிக்கினு இருக்கேன்.”

உங்களுக்கு வீம்பு. காட்டுகிறேன் என்று ஆதியாகமத்திலிருந்தே தொடங்கினீர்கள். விளக்கு வைத்ததும் சாயக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்காருவீர்கள். மகன் செத்துவிட்டான் என்று நம்பி, யார் தேற்றியும் தேறாமல் அழுத யாக்கோபு வந்தார். தன் மேலேயே படையெடுத்து வந்து செத்த மகனுக்காகக் கதறிய தாவீது வந்தார். “இங்க இல்ல. பின்னாடி வரும்,” என்று பக்கத்தைப் புரட்டுவீர்கள். போகப் போக அதைச் சொல்லும் குரலில் பலம் குறைந்தது. நான் பட்டு நூல் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

மழைக்காலத்தில் லாசருவின் கல்லறைக்கு வந்து சேர்ந்தோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப்போகிற இயேசு, அங்கே நின்று கண்ணீர் விட்ட இடம். எத்தனையோ தடவை நீங்கள் வாசித்த இடம்தான். அன்று அடுத்த வரி வரவேயில்லை.

“எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும்மா,” என்றீர்கள். “தெரிஞ்சும் அழுதிருக்காரு. நான் உன்னை அழ உடலியே.”

பிறகு நீங்கள் அழுத அழுகையை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தது நான்தான். தெருவே கேட்கட்டும் என்று இருவரும் அழுதோம். கர்த்தரைக் கல்லைப் போல ஒருவராக நினைத்து அதுவரை பயந்துகொண்டிருந்தேன். அவர் அப்படி இல்லை என்று தெரிந்த அன்றுதான் ஆமென் சொன்னேன்.

அந்த வாரமே பிள்ளையார்பாளையம் போய் என் அம்மா எதிரே நின்றீர்கள். “அழ உடற சாமிதான் அத்தை. எனக்குத்தான் தெரியாம போச்சு.”

போன தை மாதம் உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது சபை மூப்பர் ஒருவர் என்னிடம் குனிந்தார். “அழாதீங்கம்மா. அவரு கர்த்தர்கிட்ட இருக்காரு.”

“இருக்காருங்க ஐயா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. என்கிட்ட இல்லியே,” என்றேன்.

உங்களை மறுபடி பார்ப்பேன் என்றுதான் நம்புகிறேன். அதுவரைக்கும் இந்த வீடு வெறிச்சென்று கிடக்கிறது, நான் என்ன செய்ய. நேற்று ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு மூலை வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்களோடு தோள்மேல் கைபோட்டு உட்கார்ந்து அழுதேன். பாதி அவருக்கு, பாதி உங்களுக்கு.