நீளமா, அகலமா

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் பனி. ஏரிக்கரையே தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட். கீழ்பென்னாத்தூர் தாண்டும்வரை போனில் கயாக் படகு வீடியோக்கள். பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா, வெளிநாடு போறியா?" சிரித்துவைத்தேன். அப்பா மீன் பிடிக்கப் படகு பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வண்டியில் இருந்து விழுந்ததில் அப்பாவின் வலது தோள் போய்விட்டது. பரிசல் வட்டம், நேராகப் போகாது. துடுப்புப் போட்டே அலுத்துவிடுகிறார். மதகில் இருந்து அக்கரைத் தாமரைப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் மீன் வண்டி கிளம்பிவிடுகிறது.

எனவே வேகம் வேண்டும். துடுப்பு லேசாக இருக்க வேண்டும்.

ஜனவரி 29, வியாழன்

மதிய இடைவேளையில் படித்தது, புரிந்தவரை:
– நீளம், ஒடுக்கம்: வேகம். நேராகவும் போகும்.
– அகலம்: ஆடாது, எழுந்து நிற்கலாம். ஆனால் மெதுவு. தோளுக்கு வேலை ஜாஸ்தி.
– காலால் மிதிப்பது: தாமரைக்கொடி சுற்றிக்கொள்ளும். விலையும் எட்டாது. பட்டியலில் இருந்து அடித்துவிட்டேன்.

நிற்க முடியுமா என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். அப்பா வீச்சு வலைக்காரர். நின்றால்தான் வீச முடியும். ஒடுக்கமானதில் உட்கார்ந்தபடி வலையை விரித்துப் போட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான். கையைத் தோளுக்கு மேல் தூக்கி வீசும் வேலை இனி வேண்டாம் என்று வேலூர் டாக்டர் எங்கள் மூவர் முன்னாலும்தான் சொன்னார். வீட்டில் அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. நீளமானதை வாங்கினால், நான் அந்தப் பேச்சை எடுத்த மாதிரி.

பிப்ரவரி 1, ஞாயிறு

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கயாக் விற்கும் சென்னைக் கடைக்கு அடுத்த வாரம்தான். போனிலாவது கேட்போம் என்று நம்பர் போட்டு, "ஹலோ" வந்ததும் வைத்துவிட்டேன். அவர்களே திருப்பிக் கூப்பிட்டார்கள். அம்மா எடுத்தார்.

"படகாங்க? எங்க பொண்ணுதாங்க. பேச வெக்கப்படும். மீன எங்க வைக்கிறது அதுல? பின்னாடியா? சரிங்க."

மீன் வைக்க இடம். நான் யோசிக்காதது.

சாயங்காலம் ஏழுமலை மாமா வந்தார். அப்பாவோடு ஏரியில் மீன் பிடிப்பவர். போட்டோ காட்டினேன்.

"இதுல உங்கப்பன் நின்னு வலை வீசுவானா?"

அப்பா முந்திக்கொண்டார். "ஏன் வீசாம? அகலமா ஒண்ணு இருக்குதாம்."

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கனவே துடைத்த அடுப்பு.

பிப்ரவரி 8, ஞாயிறு

சென்னை. நானும் அப்பாவும். நல்ல வெயில், கடைக்குள் ஏசி. அப்பா செருப்பை வாசலில் விட்டார். இரண்டையும் தரையில் இறக்கிக் காட்டினார்கள். அகலமானது ஆரஞ்சு, நீளமானது பச்சை. கேட்க வேண்டியதை உள்ளங்கையில் எழுதிப் போயிருந்தேன். வியர்வையில் பாதி போச்சு. இருந்தாலும் கேட்டேன். எதிர்க்காற்று அடித்தால்?

"நீளமானது அலையாது மேடம். நாலு தடவ துடுப்பு போட்டா அது பாட்டுக்கு ஓடும்."

அப்பா ஆரஞ்சில் ஏறி, காலை அகட்டி நின்றார். ஆட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் நிக்குது." பிறகு, இல்லாத வலையை மடித்து இடது கையில் போட்டுக்கொண்டார். ஓரத்தைப் பல்லில் கடிப்பதுபோல் வாயைக்கூட வைத்துக்கொண்டார். வீசினார். வலது கை பாதியில் நின்றது. இன்னொரு தடவை. அதே இடம்.

கடைக்காரர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் விலைச் சீட்டைப் பார்த்தேன்.

அப்பா இறங்கிப் பச்சையில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். துடுப்பை வாங்கி, கையை மார்பளவிலேயே வைத்து இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தார்.

"லேசா இருக்குது. இதுக்கே பில்லு போடச் சொல்லும்மா."

"ஆரஞ்சு வேணாமாப்பா?"

"நிக்கறதுக்குத் தரை இருக்குது. வா, போலாம்."

திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் வரை தூங்கினார். அல்லது கண்ணை மூடியிருந்தார்.

பிப்ரவரி 14, சனி

படகு வந்தது. அம்மா பார்த்ததும், "இன்னாது, புடலங்கா மாதிரி!" மஞ்சள், பொட்டு, பூ.

"சக்கரமே இல்ல, எலுமிச்சம்பழத்த எதுக்கடியில வைக்கிறது?"

அந்த யோசனையில் அம்மா இருக்கும்போதே, ஏழுமலை மாமா கற்பூரத்தைப் படகின் மூக்கிலேயே வைத்து ஏற்றிவிட்டார். பிளாஸ்டிக். உருகிக் குழியாகிவிட்டது.

"தட்டு கையில குடுத்தேன் இல்ல?"

"திருஷ்டி கழிஞ்சுது வுடு தங்கச்சி."

ஓட்டை இல்லை. தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். சாயங்காலம் அப்பா அதிலேயே போய் வலையை விரித்துவிட்டு வந்தார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பனி கம்மி. விடிந்ததும் அப்பா கிளம்பினார். நேர்கோடு. மதகில் நின்று நான் டீ குடித்து முடிப்பதற்குள் தாமரைப் பக்கம் சேர்ந்துவிட்டார். ஜிலேபி, கெண்டை, ஒரு விரால். வண்டி வரும்போது மீனோடு கரையில் இருந்தார்.

அப்புறமும் வீட்டுக்கு வரவில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை மாமா பரிசலில் நின்று வலை வீசினார். சுருண்டு விழுந்தது.

"இன்னா மச்சான், வலை வீசறியா, வேட்டி காயப் போடறியா?"

"நீ வந்து வீசேன் பாக்கலாம்!"

கரையில் இருந்தவர்கள் அப்பாவின் தோளைப் பார்த்தார்கள். மாமாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். குனிந்து எதையோ தேடினார்.

"என்னால ஆவாது மச்சான்" என்று அப்பா கத்தினார். எல்லார் காதிலும் விழும்படி. "நீ இடுப்பத் திருப்பி வீசு. கைய நம்பாத."

மாமா மறுபடி வீசினார். வட்டமாக விழுந்தது.

அப்பா எழுந்து வேட்டியில் மண்ணைத் தட்டினார். "சாப்புட இன்னா இருக்குது?"