செவந்திக்கு அளந்த தவிடு

7-7-1958, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து பிச்சைமுத்து வாத்தியாரே வீடு தேடி வந்துவிட்டார். செவந்தி இன்றைக்கும் பாடத்தின் நடுவில் எழுந்து, முன்னால் இருந்த பிள்ளையின் சடையை அவிழ்த்துவிட்டு, ஜன்னலில் ஏறி நின்று தெருவில் போன மாட்டுவண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தாளாம். "மத்த பிள்ளைக எல்லாம் ஒரு பக்கம், ஒங்க மக ஒரு பக்கம். அரைப்பரீட்சை வரைக்கும் பாக்குறேன். அப்பவும் இப்படியே இருந்தா பேரை அடிச்சிருவேம்மா" என்றார்.

கடலை மண்டியிலிருந்து வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "பொட்டப்புள்ளதான, நிறுத்திப்புடு. வீட்டு வேலை கத்துக்கிறட்டும்" என்றார். எட்டாவதோடு என்னை நிறுத்தியபோது எங்கள் அப்பா சொன்னதும் இதேதான். நிறுத்த மாட்டேன். ஆனால் எட்டு வயதாகியும் ஒரு இடத்தில் நிலையாக இல்லாத இவளை எப்படித்தான் உட்கார வைப்பது?

11-7-1958, வெள்ளி

ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். உடம்பில் சூடு ஏறினால்தான் பிள்ளை இப்படி ஆடுமாம். வெறும் வயிற்றில் வல்லாரை. செவ்வாய், வெள்ளி தலைக்கு நல்லெண்ணெய். காபி, கருப்பட்டி கண்ணில் காட்டக் கூடாது.

இன்று எண்ணெய் தேய்த்து முடிப்பதற்குள் எனக்குத்தான் சூடு ஏறியது. பாதி எண்ணெயோடு தெருவுக்கு ஓடி, புழுதியில் புரண்டு, அடையாளம் தெரியாமல் வந்து நின்றாள். சிரிக்கிறாள் வேறு.

19-7-1958, சனி

வல்லாரையைத் துவையலாக அரைத்தேன். தோசை மாவில் கலந்தேன். எல்லாவற்றையும் ரகசியமாக நாய்க்குப் போட்டிருக்கிறாள். நாய் சாதுவாகத்தான் இருக்கிறது.

24-7-1958, வியாழன்

அடித்துவிட்டேன். கரண்டிக் காம்பால்.

"ஏண்டி ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்குற?"

"ஒக்காந்தா காலுக்குள்ள எறும்பு ஓடுது ஆத்தா. நீ வேணாப் பாரு" என்று இரண்டு காலையும் நீட்டிக் காட்டினாள். என்னத்தைப் பார்ப்பது? காலில் என் கரண்டித் தடம்தான் தெரிந்தது.

29-7-1958, செவ்வாய்

கிணற்றடியில் என்னோடு சேர்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொன்னாள். ஒரு தப்பில்லை. வீட்டுக்குள் கூட்டி வந்து உட்கார வைத்துக் கேட்டேன் - மூவேழுக்கு மேல் நகரவில்லை. முற்றத்தில் நொண்டியடிக்க விட்டுக் கேட்டால் எட்டாம் வாய்ப்பாடும் வருகிறது!

வாயெல்லாம் பல்லாக வாத்தியாரிடம் ஓடினேன். "கொஞ்சம் நிக்க வச்சுச் சொல்லிக் குடுங்க சார். நடுவுல பானைக்குத் தண்ணி எடுத்து ஊத்தச் சொல்லுங்க, பலகையத் தொடைக்கச் சொல்லுங்க" என்றேன். "இது பள்ளிக்கூடமாம்மா, நொண்டி வெளையாடுற பொட்டலா?" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். வரும் வழியெல்லாம் ஆத்திரத்தில் கண்ணே தெரியவில்லை.

3-8-1958, ஞாயிறு

அடுத்த வீட்டிலிருந்து என் ஓரகத்தி அழகம்மாள் அக்கா வந்து ஒரு பிடி பிடித்துவிட்டார். "விராலிமலைக்கு நேந்துதான இந்தப் புள்ள பொறந்துச்சு? சாமிக்குக் குடுத்துட்டுத் தவிட்டுக்கு வாங்குறேன்னு வேண்டுனியே, செஞ்சியா? முருகன் தன் புள்ளையக் கேக்குறாரு. அதான் நிக்கவிடாம ஆட்டுறாரு."

செய்யவில்லைதான். அப்போது பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு மழை, பிறகு மறந்தே போனது. ஆனால் கைக்குழந்தைக்குச் செய்கிற சடங்கு அது. ஓடியாடுகிற பிள்ளைக்கா? "சாமிக்குக் குடுக்க வயசு என்னடி வயசு" என்றார் அக்கா. வீட்டுக்காரரும் சரி என்றார். நானும் சரி என்றேன். வேறு என்ன இருக்கிறது என் கையில்?

8-8-1958, வெள்ளி

விராலிமலை போய் வந்தோம். சந்நிதியில் செவந்தியை நிறுத்தி, "இனி இது ஒம் புள்ள முருகா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம். திரும்பிப் பார்க்காதே என்று அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கைக்குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. இவள் "ஆத்தா, ஆத்தா" என்று கத்தியது மண்டபம் வரை கேட்டது. தாய்மாமன் வாங்க வேண்டும் என்பதால் என் அண்ணன் மலையாண்டி ஒரு பெட்டி தவிடு கொடுத்து அவளை வாங்கி, தோளில் தூக்கி வந்து என்னிடம் விட்டார்.

மலையிறங்கும்போது மயில் ஒன்று காலடியிலேயே போனது. செவந்தி அதன் பின்னால் ஓடவில்லை. "பாத்தியா, இப்பவே அடங்கிட்டா" என்றார் அக்கா.

16-8-1958, சனி

நம்பவே முடியவில்லை. உட்கார் என்றால் உட்காருகிறாள். தட்டில் போட்டதைத் தின்கிறாள், வல்லாரையைக்கூட. முருகா, உன்னை எட்டு வருஷம் காக்க வைத்துவிட்டேனே!

25-8-1958, திங்கள்

வாத்தியார் அவரைக் கடைத்தெருவில் பார்த்து, "ஒங்க மகளா இது?" என்றாராம். அவருக்கு ஒரே பெருமை. கடலை மிட்டாய் வாங்கி வந்தார். செவந்தி அதை வாங்கி அப்படியே மாடத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். முன்பெல்லாம் பொட்டலத்தைப் பிரிக்க விடமாட்டாள்.

வீடு அமைதியாக இருக்கிறது. இதைத்தானே கேட்டேன்? பிறகு ஏன் எனக்கு ஒரு வேலையும் ஓட மாட்டேன் என்கிறது?

4-9-1958, வியாழன்

எழுதக் கை வரவில்லை.

அவள் பாயைச் சுருட்டும்போது பார்த்தேன். அடியில் ஒரு மூட்டை. அவளுடைய இரண்டு பாவாடை, சட்டை, சிலேட்டு. எதுக்குடி இது என்றேன்.

"மாமா எப்ப வருவாகன்னு தெரியாதுல்ல, அத்தை."

அத்தையா! யாருடி அத்தை? நாந்தான் ஒன் ஆத்தா என்று உலுக்கினேன். அவள் அழக்கூட இல்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள்: "நீங்க சாமிக்குக் குடுத்துட்டீங்க. மாமா தவிடு குடுத்து வாங்கிட்டாக. அப்ப நான் மாமா மக, நீங்க அத்தைதான? ஆடாம இருந்தா இங்கேயே வச்சுக்குவீங்க, ஆடுனா மாமா வீட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு அடுத்த வீட்டுப் பெரியாத்தா சொன்னாக."

நீ, வா, போ என்று பேசிய பிள்ளை. இத்தனை நாளாக என்னை நீங்க என்று சொல்லியிருக்கிறாள். நான் அதை மரியாதை கற்றுக்கொண்டாள் என்று நினைத்திருக்கிறேன். நான் என்ன பொம்பளை?

5-9-1958, வெள்ளி

அக்காவோடு பெரிய சண்டை. "ஊரு ஒலகத்துல எல்லாப் புள்ளையையும் தவிட்டுக்கு வாங்குனதுன்னு கேலி பண்றதுதான். ஓம் மக மட்டும் என்ன அதிசயம்?" என்கிறார். கேலிக்கும் கோயிலில் கதறக் கதற விட்டுவிட்டு வந்ததற்கும் வித்தியாசம் இல்லையா?

வீட்டுக்காரர் வேறு மாதிரி. "அரைப்பரீட்சை முடியட்டுமே. அதுவரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார். பெற்ற மகள் வாசலைப் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவருக்குப் பரீட்சை! - ஒரு நொடி எனக்கும் அப்படித் தோன்றியது. அதுதான் எரிகிறது.

7-9-1958, ஞாயிறு

அண்ணனை வரச் சொல்லியிருந்தேன். அவர் தலையைக் கண்டதும் செவந்தி உள்ளே போய் மூட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் ஒன்னையக் கூட்டிட்டுப் போக வரலடா தங்கம்" என்று எவ்வளவோ சொன்னார். எல்லாவற்றுக்கும் "சரிங்க". எனக்குப் பைத்தியம் பிடிப்பது போல் இருந்தது.

மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். தவிட்டுப் பானையை இடுப்பில் தூக்கி வந்து அண்ணன் முன்னால் முற்றத்தில் கவிழ்த்தேன். "இந்தாண்ணே ஒந் தவிடு. எம் மகளக் குடு."

அழகம்மாள் அக்கா அலறினார். "சாமி குத்தம்டி! முருகன் புள்ளைய நீ வாங்குறியா?" குத்தம் வந்தா எனக்கு வரட்டும், எம் புள்ள தலையில விடாதீங்க என்று நானும் கத்தினேன். அண்ணன் துண்டை விரித்துத் தவிட்டை அள்ளிக் கட்டிக்கொண்டார். செவந்தியின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார். "முழுசா வாங்கிட்டேன் அமராவதி. இனி ஒனக்கும் எனக்கும் பாக்கி இல்ல."

செவந்தி தரையைப் பார்த்தபடி, "மாட்டுக்குத் தவிடு இல்லையே" என்றாள்.

15-9-1958, திங்கள்

இன்னும் "நீங்க"தான். மூட்டையைப் பிரித்து அடுக்கினேன். மறுபடி கட்டி வைத்திருக்கிறாள்.

2-10-1958, வியாழன்

காந்தி ஜெயந்தி, பள்ளிக்கூடம் இல்லை. முற்றத்தில் கட்டம் போட்டு நானே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நொண்டியடித்தேன், ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினான்கு என்று. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். மூவேழில் கால் இடறி விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு. அவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். எரிச்சலும் அழுகையும் முட்டிக்கொண்டு வர அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து சிராய்ப்பில் ஊதினாள். 

9-11-1958, ஞாயிறு

மூட்டை இல்லை. எங்கே என்று கேட்கப் பயமாக இருந்தது. சட்டை பெட்டியில் இருக்கிறது.

12-12-1958, வெள்ளி

கணக்குப் பரீட்சை. மத்தியானமே பிச்சைமுத்து வாத்தியார் வாசலில் வந்து நிற்கிறார். "போட்ட கணக்கெல்லாம் சரி. மீதிய வச்சுட்டு ஜன்னல் வழியா எறங்கிப் போயிருச்சும்மா. நல்லாத்தான இருந்துச்சு, மறுபடி என்ன ஆச்சு?" நின்றுகொண்டு எழுத விட்டீர்களா என்றேன். "ஒக்காந்துதான் எழுதணும்" என்றார். பேரை அடிக்காதீங்க சார், நாளைக்கு நானே வந்து வகுப்பு வாசலில் இருக்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். யோசிக்கிறேன் என்று போனார். ராத்திரி வீட்டுக்காரரோடு இன்னொரு சண்டை இருக்கிறது.

பின்பக்கம் போனால் முருங்கை மரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒடிகிற மரம். "எறங்குடி, கைகால் ஒடிஞ்சிரும்" என்றேன்.

"மாட்டேன். நீ போ ஆத்தா!" என்று கத்தினாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.