இருபத்து நான்கு ஃப்ரேம்கள்

18.9.89 திங்கள்

பஸ்ஸில் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்திக்கொண்டு நாள் முழுக்க நடந்தேன்.

ஆவடியிலிருந்து மனோகரன் என்று ஒருவர் கம்பெனிக்கு வந்தார். டிஃபன்ஸ் ஃபாக்டரி வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். அங்கே இருக்கிற இளவட்டங்களைச் சேர்த்து சைக்கிள் ரேஸ் கிளப் நடத்துகிறாராம். ஃபிக்ஸட் வீல் சைக்கிளுக்கு இருபத்து நான்கு ஃப்ரேம் வேண்டும். அந்த வண்டியில் பெடலை நிறுத்த முடியாது. சக்கரம் சுற்றுகிறவரை காலும் சுற்றவேண்டும். பிரேக்கும் கால்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏன் சார், எறங்கணும்னா இன்னா பண்ணுவீங்க?”

“காலாலயே அமுக்கி நிறுத்தப் பழகணும்மா. வெளிநாட்டு ஃப்ரேம் வாங்க எங்களுக்கு வக்கில்ல. உங்க மொதலாளி கம்மி வெலைல செஞ்சு தர்றேன்னார்.”

கம்மி விலை என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயின்டில் குறைக்கலாம், ஸ்டிக்கரில் குறைக்கலாம். பித்தளையில் குறைத்தால் எவனுக்காவது பல் போகும். மூட்டுக்குள் பித்தளை முழுசாக உருகி ஓடினால்தான் பைப் பிடித்து நிற்கும். இதை முதலாளி தசரதன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். “அதுக்குதானே உன்ன இன்ஸ்பெக்‌சன்ல வச்சிக்கீறேன், தாயம்மா” என்றார்.

பற்றவைக்கப் போவது கலியமூர்த்தி. ஒன்பது வருஷமாக டெம்பரரி. இருநூற்று நாற்பது நாள் ஆனால் சட்டப்படி பர்மனென்ட் கேட்கலாம் என்பதால் அதற்குள் பிரேக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள், பிறகு புது ஆள் மாதிரி சேர்த்துக்கொள்வார்கள். இந்த ஆர்டர் கெட்ட பெயர் இல்லாமல் போனால் ஜனவரி ஒன்றாம் தேதி பர்மனென்ட் என்று முதலாளி இன்று எல்லார் எதிரிலும் சொன்னார். கலியன் சும்மாவே வாய் திறக்கமாட்டான். இன்றைக்கு டீக்கு நடுவில் இரண்டு தரம், “அக்கா, மெய்யாலுமே சொன்னாரா?” என்று என்னிடம் கேட்டான்.

21.9.89 வியாழன்

மாதிரி ஃப்ரேம் ஒன்று முடிந்தது. ஸ்பேனரால் எல்லா மூட்டுகளையும் தட்டினேன். கோயில் மணி மாதிரி சத்தம். பித்தளை எங்கேயும் ஏமாற்றவில்லை, கலியன் கை அப்படி.

ஆனால் வடிவம் சரியில்லை. சக்கரம் மாட்டி நானே ஏறி உட்கார்ந்து பார்த்தேன் (எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும்). ஹேண்டிலைத் திருப்பினால் கால் கட்டைவிரல் முன்சக்கரத்தில் இடிக்கிறது. சாதா சைக்கிள் என்றால் மிதிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். இதில் முடியாதே. ரேஸ் மைதானத்தில் திருப்பம் பெரியது, இடிப்பது தெரியாது. இவர்கள் பழகப்போவது பூந்தமல்லி ரோட்டில், லாரிக்கும் மாட்டுக்கும் நடுவில்.

மனோகரன் சாரிடம் சொன்னேன். அவரும் ஏறி உட்கார்ந்தார். இறங்கி, “மேல் பைப்ப ஒரு இஞ்ச் நீட்டுங்க” என்றார். சொன்னால் கேட்கிற ஆம்பளை. இந்த மாதம் பார்த்த முதல் ஆள்.

30.9.89 சனி

இரண்டாவது மாதிரி பாஸ். என் ஏழாம் நம்பர் முத்திரையைப் போட்டேன்.

9.10.89 திங்கள்

ஆயுத பூஜை. சனிக்கிழமையே ஜிக்கைக் கழுவித் துடைத்து நானே அளந்து வைத்துவிட்டேன். பைப்புகளைக் கோத்துப் பிடித்து வைக்கிற அந்த இரும்புச் சட்டம்தான் எங்கள் கம்பெனிக்குச் சாமி. அது நேராக இருந்தால் ஃப்ரேம் நேர்.

வருஷா வருஷம் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. ஜிக்குக்குத் தலை, நடு, வால் என்று மூன்று இடத்தில், குழைத்து நன்றாக அப்பினேன். அதில் கஞ்சத்தனம் பண்ண எனக்குத் தெரியாது. பொரி, கடலை, ஆளுக்கு ஒரு வாழைப்பழம். கலியன் பூசணிக்காய் உடைத்தான். ஒரே போடு, நாலு துண்டு.

11.10.89 புதன்

காலையில் கலியன் மண்ணெண்ணெய்த் துணியோடு ஜிக்கைத் துடைக்கப் போனான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

“சாமிக்கு வச்ச பொட்டடா. தானா போவணும். நீ அழிக்கலாமா? பர்மனென்ட் ஆவணுமா, வேணாமா?”

துணியைக் கீழே போட்டுவிட்டான். முதல் ஃப்ரேமைக் கோத்தான்.

14.10.89 சனி

ஆறு ஃப்ரேம் முடிந்து வந்தது. நூல் பிடித்துப் பார்த்தேன். ஹேண்டில் நிற்கிற தலைப் பைப்பிலிருந்து நூலைக் கொண்டுபோய், பின்சக்கரம் உட்காரும் இரண்டு காதையும் சுற்றித் திரும்பக் கொண்டுவரவேண்டும். நடுவில் சீட் பைப்புக்கு இரு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கவேண்டும். இல்லை. இரண்டு மில்லி விலகல்.

இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படித்தான். ஆறும் அப்படித்தான்.

சாதா சைக்கிளாக இருந்தால் பாஸ் போட்டிருப்பேனோ என்னவோ. இதில் பின்சக்கரம் கோணலாக உட்கார்ந்தால் செயின் கழன்று மாட்டிக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டால் மேலே இருக்கிறவன் கதி? ஆறிலும் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டேன்.

கலியன் வந்து பார்த்துவிட்டு, “நேரா தாங்க்கா கோத்தேன்” என்றான். கோத்தால் இப்படியா வரும்?

16.10.89 திங்கள்

இன்னும் ஐந்து. ஐந்தும் கோணல்.

இன்று ரொம்பப் பேசிவிட்டேன். பர்மனென்ட் என்று சொன்னதும் கண்ணு மேலே போயிடுச்சா, கை வேலைல இல்லையா என்று எல்லார் எதிரிலும் கேட்டேன். அவன் தலை குனிந்துகொண்டு கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டான். பதினொரு சிவப்புக் குறியையும் முதலாளி பார்த்தார். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “கை தப்பா?”

ஆமாம் என்றேன்.

17.10.89 செவ்வாய்

கலியனுக்கு பிரேக் கொடுத்தாகிவிட்டது. இந்த முறை திரும்பி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

19.10.89 வியாழன்

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் கொத்தனார், நாள் முழுக்க நூம்பலில் ஒரு வீட்டுக்குச் சுவர் எடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், “இன்னாம்மே, தட்ட மொறச்சிக்கினே குந்திகீற?” என்றார். சொன்னேன்.

“பதினொண்ணும் ஒரே பக்கமா போயிருக்கு?”

“ஆமா.”

“ஒரே அளவா?”

“ரெண்டு மில்லி.”

“அது கை தப்பு இல்லமே. கை தப்புன்னா ஒரு நாள் இப்டி போவும், ஒரு நாள் அப்டி போவும். எல்லா செவுரும் ஒரே பக்கம் சாஞ்சா, நாங்க ரசமட்டத்ததான் தூக்கிப் போடுவோம்.”

சொல்லிவிட்டு மோர் கேட்டார். மோரைத் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டேன். ஒன்பது வருஷமாக நூல் பிடிக்கிறவள் நான். இந்தச் சின்ன விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை?

20.10.89 வெள்ளி

எல்லோரும் வருவதற்கு முன் போனேன். ஜிக்கில் பின்காது உட்காரும் இடத்தைத் தடவினேன். இடது பக்கம் மட்டும் ஒரு பொருக்கு. பற்றவைக்கும்போது தூவுகிற வெங்காரம் உருகி வழிந்து கறுத்துக் கிடக்கும், எப்போதும் அப்படித்தான், யாரும் பார்க்கமாட்டார்கள். ரம்பத் தகட்டால் சுரண்டினேன்.

உள்ளே மஞ்சள். அதற்குள் சிவப்பு.

நான் வைத்த பொட்டு. நான் அப்பின சந்தனம், சூட்டில் வெந்து ஓடு மாதிரி இறுகிப்போய், அதன் மேல் காதை வைத்து வைத்து அவன் பற்றவைத்திருக்கிறான். அவன் துடைக்க வந்தான். நான்தான் விடவில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். மிச்சத்தையும் சுரண்டித் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது மட்டும் இல்லை, பாதி துடைத்தும் விட்டேன். புது ஆள் வருவான், ஃப்ரேம் நேராக வரும், பார்த்தியா கலியன் கைதான் தப்பு என்று ஊர் சொல்லும். நானும் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

முதலாளி வந்ததும் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய் மீதிப் பாதியைக் காட்டினேன். குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே” என்றார். பிறகு கையை நீட்டினார். முத்திரையை எடுத்து வைத்தேன். திங்கள் முதல் பேக்கிங்கில் இரு என்றார். சரி என்றேன்.

கலியன்?

“நீயே போய்க் கூப்ட்டுக்கினு வா.”

22.10.89 ஞாயிறு

காட்டுப்பாக்கம் போனேன். மழை. வீட்டில் அவன் சம்சாரம் பத்மா மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே வா என்று சொல்லவில்லை. நியாயம்தான். கேட் செய்கிற பட்டறையில் இருக்கிறான் என்று சொன்னாள்.

போய் நின்றேன். ஜன்னல் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தான். எப்படி ஆரம்பிக்கிறது என்று தெரியாமல், கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த அந்தப் பொருக்கைப் பிரித்துக் காட்டினேன். எல்லாம் சொன்னேன். என் மேல்தான் தப்பு கலியா, நீ வா, பர்மனென்ட் வாக்கு அப்படியேதான் இருக்கிறது என்றேன்.

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“ஒம்பது வருசமா என் கைய பாத்துகினு கீறீங்க. இவன் கை இப்டி போவுமான்னு ஒரு தபா கூட தோணலியா உங்களுக்கு?”

பொருக்கைத் திரும்பக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். குடையை அங்கேயே வைத்து மறந்துவிட்டு நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு வந்தேன். அழுதது மழையில் தெரிந்திருக்காது.

24.10.89 செவ்வாய்

வந்துவிட்டான். என் குடையைப் பேக்கிங் மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். பேசவில்லை.

13.12.89 புதன்

கோணல் பதினொன்றையும் அறுத்து மறுபடி பற்றவைத்தான். இருபத்து நான்கும் ஆவடி போனது. தாமதத்துக்கு மனோகரன் சார் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், நடந்ததைக் கேட்டுவிட்டு, “கோணல்னு பிடிச்சீங்களே, அது போதும்” என்றார். எனக்கு அது போதவில்லை.

1.1.90 திங்கள்

கலியமூர்த்தி பர்மனென்ட். எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். கையைப் பார்த்துக் கொடுத்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

5.3.90 திங்கள்

முத்திரையைத் திருப்பித் தந்தார்கள். மனோகரன் சார் இன்னும் அறுபது ஃப்ரேம் கேட்டிருக்கிறார், நான் பார்த்தால்தான் எடுப்பேன் என்று சொன்னாராம்.

கலியன் இப்போது பேசுகிறான். “இன்ஸ்பெக்‌சன், அஞ்சு ஃப்ரேம் ரெடி.” இவ்வளவுதான். என் பெயரே இன்ஸ்பெக்‌சன் ஆகிவிட்டது. அக்கா என்று அவன் கூப்பிட்டபோது அதற்கு ஒரு மதிப்பு இருந்ததாகவே நான் நினைக்கவில்லை.

28.9.90 வெள்ளி

ஆயுத பூஜை.

சந்தனம் குழைத்துத் தட்டில் வைத்துவிட்டு, யாராவது வையுங்கள் என்று சொல்லிப் பொரி மூட்டைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். முதலாளி சூடத்தை வைத்துக்கொண்டு, நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். யாரும் தட்டை எடுக்கவில்லை.

கலியன் எடுத்தான். நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினான்.

“வெய்யிக்கா. நாளைக்கு நான் தொடச்சிக்கறேன்.”

வைத்தேன். மூன்று இடத்திலும் வைத்தேன். அவன் தோளில் மண்ணெண்ணெய்த் துணி கிடந்தது.