மகிழ மரத்துக்கு நான் ஊற்றிய தண்ணீர்

இன்று காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூட்டு வலி மாத்திரைக்காக வரிசையில் நின்றபோது அந்த வாசனை வந்தது. மதிலோரம் ஒரு மகிழ மரம். உதிர்ந்து பழுப்பேறிய பூக்களை எல்லோரும் மிதித்துக்கொண்டு போனார்கள். எனக்கு மிதிக்க மனம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டோக்கன் போனால் போகட்டும், அலுத்துவிட்டதடா எல்லாம்.

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் உன் வீட்டுக்கு எதிர்வீடு எனக்கு. உனக்கு மாலை ஷிப்ட் வரும் வாரங்களில், ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து நான் இறங்குவேன், நீ ஏறுவாய். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், திருக்கழுக்குன்றம் பக்கத்து உன் ஊரிலிருந்து சைக்கிள் கேரியரில் ஒரு மகிழங்கன்றைக் கட்டிக்கொண்டு வந்தாய். மணலில் குழி வெட்டி, செம்மண்ணும் மக்கிய சாணமும் கொட்டி நட்டாய். "உன் சொந்த வீடா இது? ரிடையரானால் காலி பண்ணணுமே" என்றேன்.

"அதுக்குத்தான் மச்சான். வூட்ட காலி பண்ணா, நாம இங்க இருந்தோம்னு சொல்ல இன்னா கீது? இது நிக்கட்டும்."

விளையாட்டாகச் சொல்கிறாய் என்று நினைத்தேன். இலைகளில் படிந்த உப்பை நீ ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

முதல் இரண்டு கோடையும் தாராளமாகத் தண்ணீர் விட்டாய். மூன்றாம் வருஷத்திலிருந்து பத்து நாளைக்கு ஒரு தடவை, இரண்டு குடம், நிதானமாக. "தெனம் ஊத்திகினே இருந்தா வேரு மேலயே பட்துக்கும். கொஞ்சம் காயட்டும், தானா கீழ தேடிகினு போவும்" என்பாய். நானோ வாய்க்கால் கரையில் வளர்ந்த தஞ்சாவூர்க்காரன். சித்திரை வெயிலில் மணல் கொதிக்க, பச்சைப்பிள்ளையைப் பட்டினி போடுகிற மாதிரி இருந்தது எனக்கு. நீ பஸ் ஏறியதும் ஒரு பக்கெட் தண்ணீரைக் கவிழ்ப்பேன். மணல் குடித்துவிடும், மறுநாள் ஈரம்கூடத் தெரியாது. இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்தாறு வருஷம். நல்லது செய்கிறேன் என்று நம்பினேன், மடையன்.

மரம் ஆளுயரம் தாண்டி, பளபளவென்று நின்றது. அது முதல் மொட்டு விட்ட வருஷம்தான் அந்த ஐப்பசிப் புயல். விடிந்து பார்த்தால், வரிசையில் மற்ற மரமெல்லாம் நிற்க, நம் மரம் மட்டும் சாய்ந்து கிடந்தது. வேரெல்லாம் பாய் விரித்த மாதிரி மேலாகவே பரவியிருந்தது. ஆழத்துக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

நீ குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தாய். எழுந்து உள்ளே போனாய். திரும்பி வந்து, கூடியிருந்த எல்லோர் முன்னாலும், "குழி ஆழம் பத்தல. என் தப்புதான்" என்றாய். "கிராமத்தாளு, ஒரு மரம் வெக்கத் தெரியலியே!" என்று மாடிவீட்டுக்காரர் கிண்டல் செய்தார். நீ சிரித்தாய். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

வேறு கன்று வைக்கச் சொன்னேன். "இன்னாத்துக்கு மச்சான், இன்னும் ரெண்டு வருஷந்தானே" என்றாய். அதேபோல ரிடையராகி, வெறும் வாசலைப் பூட்டிக்கொண்டு போனாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில்தான் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அவருக்குத் தெரியும்ணா" என்றாள். "வேர பாத்த ஒடனே உள்ள வந்து, யாரு தண்ணி ஊத்துனதுன்னு என்னைத்தான் கேட்டாரு. நீங்க ஊத்தறத ஜன்னல்ல பாத்திருந்தேன், சொன்னேன். 'வுடு, அவனாண்ட கேட்டுடாத, நொந்துபூடுவான்'னு சொல்ட்டுதான் வெளிய வந்தாரு."

அன்றைக்கே என் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே நீ? மறுநாளே வேறு கன்று வாங்கி வந்திருப்பேனே, பாவி! போன மாதம் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் யாரோ ஸ்கூட்டர் நிறுத்தியிருக்கிறார்கள். நீ அங்கே இருந்தாய் என்று சொல்ல, மரத்தைச் சாய்த்த நான் ஒருத்தன்தான் மிச்சம்.