முதல் விசில்

சான் வித்தாலே,
4 செப்டம்பர் 1971

அன்புத் தங்கை நீவெஸுக்கு,

அண்ணன் எர்மெஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணி அர்ஜியாவுக்கு முழங்கால்தான் வலிக்கிறது, வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. நான் இன்னும் சீஸ் கிடங்கில்தான் இருக்கிறேன். சக்கரம் மாதிரி இருக்கும் சீஸ் கட்டிகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டி, உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று காதால் கேட்கிற அதே வேலை.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 26-ஆம் தேதி நம் ஊர்த் தியேட்டரில் இந்த வருஷத்து ஓபரா தொடங்குகிறது. கிண்ணத்தில் விஷம் கலக்கும் ராணியாக நீதான் பாட வேண்டுமாம். உனக்கு நேரே எழுதப் பயந்துபோய் தியேட்டர் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷமாக ஊர் ஊராகப் பாடுகிறாய், பிறந்த ஊரை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறாய். அன்று மேல்மாடியிலிருந்து விசிலடித்து உன்னை அவமானப்படுத்தியவர்களில் பாதிப்பேர் செத்தே போய்விட்டார்கள். இன்னுமா கோபம்?

உன் அண்ணன்
எர்மெஸ்

---

லிஸ்பன்,
19 செப்டம்பர் 1971

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வருஷத்துக்கு ஒன்று எழுதுவாய், இந்த முறை அதுவும் தியேட்டர்காரர்களுக்காக. இருக்கட்டும்.

இந்த வாரம் எனக்குத் தாதி வேஷம். போன மாதம் சூனியக்காரி. மெஸ்ஸோ-சொப்ரானோ என்று கனத்த குரலோடு பிறந்தவளுக்கு இவ்வளவுதான் கொடுத்துவைத்தது. காதலனும் பூங்கொத்தும் உச்சக்குரல்காரி சொப்ரானோ வீட்டுக்குப் போய்விடும்.

செத்தவர்கள் போகட்டும். அன்று எனக்கு இருபத்தாறு வயது. விஷம் கலக்கும் இடத்தில் குரல் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். பயந்துபோய் இறங்காமல் மேலேயே பாடித் தப்பித்துக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. முதலில் ஒரே ஒரு விசில் வந்தது. அதற்கப்புறம்தான் மாடி முழுக்கச் சேர்ந்துகொண்டது. அந்த முதல் விசில் நீ உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து வந்தது. யார் அடித்தது? அதைச் சொல். வருவதா வேண்டாமா என்று அப்புறம் சொல்கிறேன்.

அண்ணியின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

நீவெஸ்

---

சான் வித்தாலே,
3 அக்டோபர் 1971

நீவெஸ்,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நான்தான் அடித்தேன்.

மேல்மாடி ஜனங்களை உனக்குத் தெரியும். சீஸில் மயிரிழை வெடிப்பைக்கூடக் கேட்கிற காது என்று என் முகத்தைப் பார்த்துத்தான் கைதட்டுவார்கள், என் முகத்தைப் பார்த்துத்தான் ஏசுவார்கள். நீ தப்பித்தது கேட்டதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கொல்லன் அரிஸ்தீதெ என் விலாவில் ஒரு இடி இடித்தான். "என்னடா, தங்கச்சின்னா மட்டும் காது அடைச்சுக்குமா? போன வாரம் பாட வந்த அந்த மிலான்காரிய அந்தக் கிழி கிழிச்சியே!" என்றான். மானம் போய்விடும் என்று பட்டது. விரல் வாய்க்குள் போய்விட்டது. மற்றவர்கள் ஆரம்பித்த பிறகு நிறுத்த என்னால் ஆகவில்லை.

அர்ஜியாவுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் எனக்குச் சாப்பாடு கிடையாது.

கிடங்கில் வெடித்த சக்கரத்தைக்கூட நாங்கள் தூக்கி எறிவதில்லை. முத்திரையைச் சுரண்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்த் துருவிச் சாப்பிடுகிறோம். கூடப் பிறந்தவளை எறிந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

எர்மெஸ்

---

லிஸ்பன்,
15 அக்டோபர் 1971

அண்ணா,

எனக்கு அன்றே தெரியும். இரண்டு குட்டை, ஒன்று நீளம். ஆற்றங்கரையில் விளையாடிக்கொண்டிருப்பவளைச் சாப்பிடக் கூப்பிட நீ அடிக்கிற விசில் எனக்குத் தெரியாதா? மேடையில் ராணி வேஷத்தோடு நின்றவள், ஒரு நிமிஷம் வீட்டுக்கு ஓடப் பார்த்தேன். நீயாக ஒருநாள் சொல்வாய் என்று இருந்தேன். பதினெட்டு வருஷம் எடுத்துக்கொண்டாய். ஆத்திரமெல்லாம் ஆறிப்போய்விட்டது.

வருகிறேன். ஆனால் ஒன்று. ஹாம்பர்க்கில் மூன்று வருஷ ஒப்பந்தம் கொடுக்கிறார்கள். எனக்கு நாற்பத்துநாலு வயது. கோடையிலிருந்து அடிக்குரல் சில நாள் வருகிறது, சில நாள் வெறும் காற்றுதான். யாரைக் கேட்டாலும் "பிரமாதம் மேடம்" என்கிறார்கள். மேடைக்குள் இருந்துகொண்டு எனக்கே சரியாகக் கேட்பதில்லை. உன் காது ஒன்றைத்தான் நம்புகிறேன். விஷம் கலக்கும் அந்த இடத்தில் குரல் இல்லையென்றால் விசிலடி. அடித்தால் ஹாம்பர்க் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அடிக்காவிட்டால் கையெழுத்துப் போடுவேன். சத்தியம் செய்து எழுது.

நீவெஸ்

---

சான் வித்தாலே,
24 அக்டோபர் 1971

தங்கச்சி,

அம்மா கல்லறை மேல் சத்தியம். இரண்டு விரலும் தயார். எனக்கு வேலை வைக்காமல் பாடித் தொலை, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

எர்மெஸ்

---

பார்மா,
28 டிசம்பர் 1971

அண்ணா,

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் சண்டை போட்டிருப்பேன்.

கிண்ணத்தின் மேல் குனிந்தேன், அடிக்குரலுக்கு இறங்கினேன், காற்றுதான் வந்தது. இந்த முறை எனக்கே கேட்டது. விசிலுக்காகக் காத்திருந்தேன். மாடியில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. அப்புறம் யாரோ ஒரு ஆள் மட்டும் கைதட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அரிஸ்தீதெ ஒப்பனை அறைக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "விசிலடிக்கப் போனேம்மா, உங்கண்ணன் என் ரெண்டு கையையும் அமுக்கிப் பிடிச்சுட்டான். அப்புறம் பைத்தியக்காரனாட்டம் தட்டுறான். அழுதுக்கிட்டே தட்டுறான். இந்த மாடியில முப்பது வருஷமா உக்காந்திருக்கேன், இப்படியொரு அநியாயத்தப் பாத்ததில்ல!" மனுஷருக்கு நிஜமாகவே கோபம்.

எனக்கும்தான். இங்கே ஓட்டல் அறைக்கு வந்து அழுது தீர்த்தேன். குரல் இருந்தபோது உனக்கு ஈவிரக்கம் இல்லை. இன்றைக்கு இரக்கப்படுகிறாய் என்றால் அது எந்த நிலைமையில் இருக்கிறதென்று புரிந்துபோயிற்று. நீ விசிலடித்திருந்தால்கூட ஒருவேளை வீம்புக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஹாம்பர்க்குக்கு வேண்டாமென்று காலையில் தந்தி கொடுத்தாச்சு. தாதியும் சூனியக்காரியும் இனி வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும். இருபத்திரண்டு வருஷம் பாடினேன், போதும்.

வெடித்த சக்கரத்தை வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா? ஜனவரி ஆறாம் தேதி மத்தியானம் வருகிறேன். அண்ணியிடம் சூப் வைக்கச் சொல். நான் வாசல் ஏறும்போது மட்டும் கைதட்டித் தொலைக்காதே.

நீவெஸ்